குளிர்காலத்தில் காரில் வடக்கே போகிறவர்களுக்கு

கிறிஸ்மஸ் லீவு கிட்ட வந்தால், கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது இளம் குடும்பத்தார் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "அண்ணை, பிள்ளைகளோடு காரிலேயே யூகொன் போய் அரோரா பார்த்துவிட்டு வர யோசிக்கிறோம். ஏலுமா?" ஏலும். எட்மன்ரனிலிருந்து வைற்ஹோர்ஸுக்கு லொறியில் சாமான் ஏற்றிய காலத்திலும், பிறகு மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடும் அந்தப் பாதையில் போய்வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கார் ஓட்டத் தெரிந்தால் போதும், ஆனால் நிற்கவும் தெரியவேண்டும். எங்கள் ஆட்களிடம் அதுதான் குறைவு. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ஒரே மூச்சில் ஓடிவிட்டு அதைப் பெருமையாகச் சொல்கிற பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

1. போன் காட்டுகிற நேரத்தை நம்பவேண்டாம். எட்மன்ரனிலிருந்து வைற்ஹோர்ஸ் ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர். இரண்டு பேர் மாறிமாறி ஓட்டினால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பதுபோல ஒரு கணக்கை அது காட்டும். குளிர்காலத்தில் பிள்ளைகளோடு போக நாலு நாள் வையுங்கள். முதல் இரவு போர்ட் சென் ஜோன், அடுத்தது போர்ட் நெல்சன், மூன்றாவது வற்சன் லேக், நாலாவது வைற்ஹோர்ஸ். இருட்டுவதற்கு முன் அல்லது இருட்டிய கையோடு அறைக்குள் போய்விடவேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று இரண்டு நாட்களைச் சும்மா விட்டுவையுங்கள். பாதையை மூடினால் அந்த நாள் அதற்குப் போகும். திங்கட்கிழமை காலை வேலையில் நிற்கவேண்டும் என்ற கணக்கோடு வருகிறவர்தான் புயலுக்குள் காரை விடுவார்.

2. முடிந்தால் டிசெம்பரில் போகவேண்டாம். வைற்ஹோர்ஸில் டிசெம்பர் 21ஆம் திகதி அளவில் பகல் வெளிச்சம் ஐந்தரை மணித்தியாலம்தான். மீதி ஓட்டமெல்லாம் இருட்டில். பெப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதி நல்ல காலம். பகல் பத்து, பதினொரு மணித்தியாலத்துக்கு வந்திருக்கும், இரவும் போதிய அளவு இருட்டாக இருக்கும். சம இரவு நாள் நெருங்கும்போது அரோராவும் சற்று உற்சாகமாக இருக்கும். பள்ளிக்கூட லீவுக்காக டிசெம்பரில்தான் போகவேண்டும் என்றால் நாலு நாளை ஐந்தாக்குங்கள்.

3. காரைப் பற்றி. இதில் கஞ்சத்தனம் கூடாது.

முதலில் பிளொக் ஹீற்றர். எஞ்சினுக்குள் இருக்கும் சிறிய மின் ஹீற்றர் அது. அதன் வயர் முன்பக்கக் கிறிலுக்கு வெளியே தொங்கும். அல்பேர்ட்டாவில் வாங்கிய கார்களில் பெரும்பாலும் இருக்கும். ஒன்ராறியோவில் வாங்கிய காரில் இருக்கிறதா என்று பொனற்றைத் திறந்து பாருங்கள், இல்லாவிட்டால் பூட்டுவியுங்கள். வாடகைக் கார் என்றால் சாவி வாங்குமுன் கேளுங்கள். மைனஸ் 20க்குக் கீழே போனால் இரவில் அதைச் சொருகாமல் படுக்கவே கூடாது. அறை பதிவு செய்யும்போதே கார் நிறுத்துமிடத்தில் பிளக் இருக்கிறதா என்று கேட்பது வடக்கில் வழக்கம், யாரும் வேடிக்கையாகப் பார்க்கமாட்டார்கள். வீட்டில் கிடக்கிற சாதாரண நீட்டிப்பு வயரைக் கொண்டுபோகவேண்டாம். அந்தக் குளிரில் அதன் பிளாஸ்ரிக் விறைத்து, சுருளை விரிக்கும்போதே வெடிக்கும். குளிருக்கென்றே விற்கிற வயர் வேண்டும்.

பற்றரி நாலு வயதைத் தாண்டிவிட்டால் மாற்றிவிடுங்கள். மைனஸ் 18 அளவிலேயே அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும், அதே நேரம் குளிர்ந்த எஞ்சினைச் சுழற்ற முன்னையதைவிடக் கூடுதல் பலம் வேண்டும். ஒயிலை 0W என்று தொடங்கும் வகைக்கு மாற்றுங்கள். கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 40க்கு ஏற்றதாக இருக்கட்டும்.

ரயர் நாலும் ஒரே வகைக் குளிர்கால ரயர். பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிப்பூ அடையாளம் இருக்கவேண்டும். 'ஓல் சீசன்' ரயர் 7 பாகைக்குக் கீழேயே இறுகத் தொடங்கிவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடபகுதி நெடுஞ்சாலைகளில் ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கினால் ரயரில் ஒரு பி.எஸ்.ஐ. காற்று குறையும், ஆகவே எட்மன்ரனில் சரியாக இருந்தது வற்சன் லேக்கில் சரியாக இராது. கடுங்குளிர் இரவுக்குப் பிறகு காலையில் கார் மாட்டுவண்டி மாதிரிக் கடகடக்கும். நின்ற இடத்தில் ரயர் தட்டையாகி உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பயப்படவேண்டாம். முதல் சில கிலோமீற்றரை ஆறுதலாக ஓட்டினால் உருண்டைக்கு வந்துவிடும். இரவில் கைபிறேக் இழுத்துவிட்டுப் படுத்தால் சிலவேளை அது உறைந்து காலையில் விடாது. கியரை 'பார்க்'கில் போட்டால் போதும்.

4. பாதித் தாங்கி வந்ததும் பெற்றோல் அடியுங்கள். போர்ட் நெல்சனுக்கும் வற்சன் லேக்குக்கும் இடையே 500 கிலோமீற்றருக்கு மேல். கோடையில் திறந்திருக்கிற பாதையோரக் கடைகளில் பல குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். வரைபடத்தில் பெற்றோல் அடையாளம் இருக்கிறது என்பது ஒரு சாட்சியே அல்ல. புறப்படும் காலை அங்கே போன் எடுத்துக் கேளுங்கள்.

5. பின்பெட்டியில் இருப்பது இல்லாததற்குச் சமம். காருக்குள் கைக்கு எட்டும் இடத்தில் எது இருக்கிறதோ அதுதான் ஆபத்தில் உதவும். ஆளுக்கொரு தடித்த உறங்குபை, ரொச், தீப்பெட்டி, மெழுகுதிரியும் அதை வைத்துக் கொளுத்த ஒரு வெறும் தகரப்பேணியும், சிறிய மண்வெட்டி, பற்றரி இணைப்பு வயர். பின்பெட்டிக் கதவு உறைந்து திறக்காமல் போவது புதினமல்ல.

சாப்பாட்டைப் பற்றி வீட்டுக்காரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். தேவை இருக்கிறது. கட்டுச்சோறும் இடியப்பமும் பின்பெட்டியில் வைத்தால் மத்தியானம் கல். தோடம்பழமும் அப்பிளும் உறைந்து பிறகு சளசளக்கும். தண்ணீர்ப் போத்தலை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் வெடிக்கும். குளிருக்கு அசையாதவை எண்ணெயில் பொரித்த உலர்ந்த சாமான்கள்தான். பருத்தித்துறை வடை, முறுக்கு, பகோடா, வறுத்த கச்சான், பேரீச்சம்பழம். பருத்தித்துறை வடையை யார் கண்டுபிடித்தார்களோ, இந்தப் பாதையை நினைத்துத்தான் சுட்டிருக்கிறார்கள். இரண்டு பெரிய பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணியும் சுடுதண்ணியும். ஒரு நாளைக்குத் தேவையானதைப்போல மூன்று மடங்கு ஏற்றுங்கள்.

6. பருத்தி உடுப்பு வேண்டாம். ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் காயாது, காயாத உடுப்பு உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத ஜக்கெற். விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு. பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறை போட்டால் இரத்தம் ஓடாது, விரல்தான் போகும்.

சின்னப் பிள்ளைகளின் கார் சீற்றில் ஒரு விஷயம் கவனம். தடித்த ஜக்கெற்றோடு இருத்திப் பட்டியைப் பூட்டினால் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். மோதினால் ஜக்கெற் நசுங்கி, அந்த இடைவெளியால் பிள்ளை நழுவும். மெல்லிய ஃபிளீஸோடு பூட்டிவிட்டு, ஜக்கெற்றைத் திருப்பி முன்பக்கமாகப் போர்த்துவிடுங்கள்.

பெண்பிள்ளைகளின் தோட்டையும் மூக்குத்தியையும் போர்ட் நெல்சனிலேயே கழற்றிவிடுங்கள். உலோகம் குளிரை நேரே தோலுக்குக் கடத்தும். மைனஸ் 35இல் தோடு குத்திய இடம் வெளிறிவிடும். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ மெழுகு பூசியதுபோல வெள்ளைத் திட்டுக் கண்டால் உள்ளே கூட்டிவந்து உள்ளங்கையை வைத்துச் சூடாக்குங்கள். தேய்க்கக் கூடாது. பனியை எடுத்துத் தேய்ப்பது பழைய மடைத்தனம்.

7. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? இன்சுலின் உங்கள் உடம்போடு ஒட்டி, உள்ளுடுப்புப் பையில் இருக்கவேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் உதவாது, எறிய வேண்டியதுதான். மற்ற மருந்துகளும் ஒரு கிழமைக்கு மேலதிகமாக வேண்டும். இன்னொன்று, வெட்கப்படாமல் சொல்கிறேன். பாதையோர ஓய்விடங்களில் இருப்பவை குழிக் கழிப்பறைகள். மைனஸ் 35இல் அந்தப் பலகையில் அறுபத்தைந்து வயது அம்மாவை இருத்த ஏலாது. அதற்குப் பயந்து அவ தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுவா, அடுத்த நாள் தலைச்சுற்றும் மலச்சிக்கலும் வரும். ஊர் வரும்போதெல்லாம், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரையும் இறக்குங்கள். பிள்ளைகளுக்கு ஒரு மூடியுள்ள பொட்டி காருக்குள் இருக்கட்டும்.

8. பனிக்கட்டி பூச்சியத்துக்குக் கிட்டத்தான் ஆகப் பெரிய துரோகி. மைனஸ் 30இல் பாதை வெள்ளையாக இருந்தாலும் ரயர் ஓரளவு பிடிக்கும். மேற்கிலிருந்து சூடான காற்று வந்து வெப்பநிலை பூச்சியத்துக்கு ஏறுகிற அன்றுதான் பாதை வழுக்கும். "இன்று குளிர் குறைவு, கெதியாகப் போகலாம்" என்று நினைக்கிற நாள்தான் கவிழ்கிற நாள். கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது என்பதால் அங்கே மணலும் சரளைக் கல்லும்தான் போடுவார்கள். கல் தெறித்து முன்கண்ணாடி வெடிப்பது சாதாரணம், கண்ணாடிக் காப்புறுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

குறூஸ் கொன்ற்றோலைத் தொடவேண்டாம். பாலங்களிலும் மலை நிழல் விழும் வளைவுகளிலும் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். பனி தள்ளும் வண்டி போன பிறகு பாதையின் ஓரம் மட்டமாக, பாதை மாதிரியே தெரியும். அதற்குக் கீழே பள்ளம். படம் எடுக்க ஓரம் கட்டுகிறவர்கள் அதற்குள்தான் போய் விழுவார்கள். நிற்பதென்றால் துப்புரவாக்கிய ஓய்விடத்தில் மட்டும்.

லொறிக்காரன் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். எதிரே லொறி வந்தால் அது கிளப்பும் பனித்தூளில் சில விநாடிகள் ஒன்றுமே தெரியாது. வருவதைக் கண்டவுடனே வேகத்தைக் குறைத்து, வலது ஓரத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு நேரே போங்கள். தூளுக்குள் போன பிறகு பிறேக் அடிக்காதீர்கள், பின்னால் இன்னொரு லொறி இருக்கலாம். பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு இடம் கிடைத்ததும் வழி விடுங்கள். அவன் உங்களோடு போட்டிக்கு வரவில்லை. ஏற்றத்தில் வேகம் விட்டால் அவனால் திரும்ப எடுக்க ஏலாது.

9. மிருகங்கள். லீயார்ட் ஆற்றுப் பக்கம் காட்டெருமைகள் கூட்டமாகப் பாதையில் நிற்கும். கறுத்த உடம்பு, குனிந்த தலை. வெளிச்சத்தில் கண் பளிச்சிடும் என்று காத்திருந்தால் மோதின பிறகுதான் தெரியும். மஞ்சோ லேக் அருகே மலையாடுகள் தாதுப்பு நக்கப் பாதைக்கு இறங்கும். மூஸ் தனியே வரும். கால் நீளம் என்பதால் மோதினால் உடம்பு முழுக்க முன்கண்ணாடிக்குள் வரும். பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்க்காமல் இரு பக்கப் பற்றையையும் பார்க்கவேண்டும். அது அவருடைய வேலை. எருமைக் கூட்டம் நின்றால் காரை நிறுத்திவிட்டுப் பொறுங்கள். ஹோர்ண் அடிப்பதும் இறங்கிப்போய் செல்ஃபி எடுப்பதும் வேண்டாம்.

10. காருக்குள் யார் "நிற்பாட்டு" என்று சொன்னாலும் நிற்கவேண்டும். இதைப் புறப்படுமுன் வீட்டு மேசையில் பேசி முடித்துவிடுங்கள். ஓட்டுகிறவர் பெரும்பாலும் ஆம்பிளை, அவருக்குக் கண் சொருகுவது அவருக்கே தெரியாது. பக்கத்தில் இருக்கும் மனைவிக்குத் தெரியும். அவ சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்துங்கள். காலையில் டிரைவ்பிசி, 511 யூகொன் என்ற பாதை நிலவரத் தளங்கள் இரண்டையும் பார்த்து, பயணம் வேண்டாம் என்று போட்டிருந்தால் அன்று மோட்டலிலேயே நில்லுங்கள். ஒரு இரவு வாடகைதான் நட்டம்.

பள்ளத்தில் இறங்கிவிட்டாலோ எஞ்சின் நின்றுவிட்டாலோ, காரை விட்டு நடந்து போகக் கூடாது. வெளிச்சம் கிட்டத் தெரிவதுபோல இருக்கும், கிட்ட இராது. முதல் வேலை, பின்னால் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வெட்டி அகற்றுவது. அது அடைபட்டால் காபனோரொட்சைட்டு வாயு உள்ளே வரும், மணமே இராது. மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, காற்று வராத பக்கக் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கிவையுங்கள். கண்ணில் படுகிற நிறத்தில் ஒரு துணியைக் கதவில் கட்டுங்கள், ஒரு பழைய சிவப்புச் சேலைத் துண்டு போதும். அங்கே பொனற் திறந்து நிற்கிற காரைக் கண்டால் யாரும் நிற்காமல் போவதில்லை. உங்களுக்கும் அதே கடமை உண்டு.

ஊர்களை விட்டால் போனுக்குச் சிக்னல் இல்லை. செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியை வாடகைக்காவது எடுங்கள். எந்த ஊரை எத்தனை மணிக்கு அடைவீர்கள் என்று ஒருவருக்குச் சொல்லி, அடைந்ததும் சொல்லுங்கள். போனைச் சட்டைக்குள் வையுங்கள், குளிரில் அதன் பற்றரி சட்டென்று செத்துவிடும்.

11. சிக்னல் இல்லாத மணித்தியாலங்களில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல இந்தப் பாதையே போதும். பேர்ள் ஹாபரை ஜப்பான் தாக்கிய பிறகு, அலாஸ்காவுக்குத் தரைவழி வேண்டும் என்று அமெரிக்க இராணுவம் 1942இல் ஒரே வருடத்துக்குள் வெட்டிய பாதை இது. வெட்டிய படைவீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிறந்து, இப்படிக் குளிரையே கண்டிராதவர்கள் பலர், கூடாரத்தில் படுத்து வேலை செய்தார்கள். அவர்களுடைய படைப்பிரிவுகள் வெள்ளையருடையவற்றிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தன. 1942 ஒக்டோபர் 25ஆம் திகதி, வைற்ஹோர்ஸுக்கு அப்பாலுள்ள பீவர் கிறீக் அருகே வடக்கிலிருந்து ஒரு புல்டோசரில் ரெஃபைன்ஸ் சிம்ஸ் என்ற கறுப்பின வீரரும், தெற்கிலிருந்து இன்னொன்றில் அல்ஃபிரட் ஜலுஃப்கா என்ற வெள்ளையின வீரரும் காட்டை உடைத்துக்கொண்டு வந்து எதிரெதிரே சந்தித்தார்கள். அந்தப் பக்கத்து ஸ்னாக் விமானத்தளத்தில்தான் 1947 பெப்ரவரி 3ஆம் திகதி மைனஸ் 63 பாகை பதிவானது. மைனஸ் 30க்கு முறைப்பாடு வைக்கிற பதின்ம வயதுக்காரருக்கு இதைச் சொல்லலாம்.

வற்சன் லேக்கில் பெயர்ப்பலகைக் காடு ஒன்று உண்டு. 1942இல் வீட்டு நினைவு வந்த ஒரு படைவீரர் தன் ஊர்ப் பெயரையும் தூரத்தையும் எழுதி ஒரு பலகை நட்டார். இன்று 80,000க்கும் மேற்பட்ட பலகைகள். புறப்படுமுன் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பலகையில் உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதுவியுங்கள், சுத்தியலும் ஆணியும் எடுத்துப்போங்கள்.

12. லீயார்ட் வெந்நீர் ஊற்றைத் தவறவிட்டால் இந்தப் பயணம் பாதிதான். கஸ்கா டெனே மக்களின் நிலம் அது. நிறுத்துமிடத்திலிருந்து சதுப்பின் மேலே போட்ட பலகைப் பாதையில் பத்து நிமிட நடை. சுற்றிவர எல்லாம் உறைந்திருக்க, அந்தச் சதுப்பு மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். உடை மாற்றும் அறைக்கு ஹீற்றர் இல்லை. ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு நீச்சல் உடுப்போடு படிகளில் ஓடுகிற அந்தச் சில விநாடிகள் மட்டும் நரகம். நீருக்குள் இறங்கிவிட்டால் வெளியேற மனம் வராது. கம்பளித் தொப்பியோடு இறங்குங்கள். தொப்பி போடாத பெடியளின் தலைமயிரில் ஆவி படிந்து, ஐந்து நிமிடத்தில் எல்லோரும் நரைத்த கிழவர்கள். கண் இமையிலும் வெள்ளை. சிரிப்பு நிற்காது.

நீர் 42 முதல் 52 பாகை வரை இருக்கும். ஊற்று வந்து விழும் பக்கம்தான் ஆகச் சூடு, பிள்ளைகளை அங்கே விடவேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர்களைப் படியில் இருத்தித் தண்ணி குடிக்கக் கொடுங்கள். இரத்த அழுத்தக்காரரும் இருதய நோயாளரும் கால் நனைப்பதோடு நிற்கட்டும். வெளியே வந்ததும் முதலில் தலையைத் துவட்டித் தொப்பி, பிறகுதான் மற்றதெல்லாம். நனைந்த துவாயைக் கம்பியில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால் அதைப் பலகையாகத்தான் தூக்கிப் போகவேண்டிவரும்.

13. அரோராவைப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கவேண்டாம். முகில் மூடினால் ஒன்றுமில்லை. "வந்தால் எழுப்புவேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உடுப்பைக் கதவடியில் ஆயத்தமாக வைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் இரவு பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை இடையிடையே எட்டிப் பாருங்கள். போன் கமராவில் தெரிகிற பச்சை கண்ணுக்கு அப்படித் தெரியாது. மெல்லியதாக இருந்தால் சாம்பல் நிற முகில் என்றே நினைத்துப் பலர் திரும்பப் படுத்துவிடுவார்கள். வலுவாக வந்தால் சந்தேகமே இராது, ஆடும். பார்க்கப் போகிற அவதியில் நெடுஞ்சாலையில் விளக்கை அணைத்துவிட்டு நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். லொறிக்காரனுக்கு அதைவிடக் கெட்ட கனவு கிடையாது.

14. முதல் தடவை வைற்ஹோர்ஸோடு திரும்புங்கள். ஒரு பகலில் ஹெய்ன்ஸ் ஜங்ஷன் வரை போய் குளூவானி மலைகளைப் பார்த்துவிட்டு வரலாம், 155 கிலோமீற்றர்தான். அதற்கப்பால் பீவர் கிறீக் வரை, நிலத்துக்கு அடியிலுள்ள உறைமண் பாதையை அலை அலையாகத் தூக்கி வைத்திருக்கிறது. பின்சீற்றில் எவருக்கும் வயிறு நிற்காது. வைற்ஹோர்ஸ் வரை நல்லபடியாக வந்துவிட்ட தைரியத்தில் சிலர் டெம்ப்ஸ்ரர் நெடுஞ்சாலையால் இனுவிக் போகலாமா என்று கேட்பார்கள். சரளைப் பாதை, ஏறக்குறைய 370 கிலோமீற்றருக்கு அப்பால் ஈகிள் பிளெய்ன்ஸ் வரும்வரை பெற்றோலே இல்லை. காற்று அடித்தால் நாட்கணக்கில் மூடுவார்கள். குழந்தைகளோடு அந்தப் பாதையைப் பார்க்க ஆசை என்றால் யூலையில் போங்கள், நுளம்புக்கு மருந்து எடுத்துக்கொண்டு.